சோப்பும் சுவரும்

"முகத்துக்கு சோப்பு போட்டு கண்ணை மூடினா, சுவரைப் பிடிச்சுக்கணும் தம்பி." என்னிடம் பிசியோதெரபி சிகிச்சைக்கு வந்த இரண்டாம் நாளே அந்த அண்ணன் இதைச் சொன்னார். நான் கேட்டது, "நேரத்துக்குச் சாப்பிடறீங்களாண்ணே? பிபி பாத்தீங்களா?"

சிக்னலில் நின்றிருந்த அவருடைய குட்டி யானையை லாரி பின்னாலிருந்து இடித்து எட்டு மாதம். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. சீட்டில் 'கழுத்து வலி' என்று மட்டும் எழுதியிருந்தது. வெளியே பதினெட்டுப் பேர் காத்திருந்தார்கள். ஒத்தடம், நாலு பயிற்சி, அனுப்பிவிட்டேன். ஆனால் கூட்டம் மட்டும் காரணமில்லை. நஷ்ட ஈட்டுக் கேஸ் நடக்கிறது என்று அவரே சொல்லியிருந்தார். கேஸ் முடிந்தால் வலியும் முடியும் என்று பிசியோக்களுக்குள் ஒரு கிண்டல் உண்டு. நானும் அதற்குச் சிரித்தவன்தான்.

மண்டை ஓட்டுக்குக் கீழே பிடரியில் இருக்கும் குட்டித் தசைகளில் உணர்வு முனைகள் மிக அதிகம். தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று மூளைக்குச் சொல்வதில் கண், உள்காது, கழுத்து மூன்றும் பங்காளிகள். அடிபட்ட கழுத்தில் ஆழத்துத் தசைகள் சோர்ந்துபோகும். காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்புக்கு வரும் மேல் தசை அந்தச் சுமையையும் இழுத்துக்கொண்டு கயிறாக விறைக்கும். கழுத்து தப்புத் தகவல் அனுப்பும். கண் திறந்திருக்கிறவரை சமாளித்துவிடலாம். சோப்பு போட்டால்? பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான்.

மூன்றாம் மாதம்தான் அவர் நெற்றியில் லேசர் கட்டி, சுவரிலிருந்து 90 செ.மீ. தள்ளி உட்காரவைத்தேன். கண்ணை மூடித் தலையைத் திருப்பி, பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். 7 செ.மீ. வரை விலகினால் பரவாயில்லை என்போம். அவருடைய சிவப்புப் புள்ளி 11 செ.மீ. தள்ளி நின்றது. கண்ணைத் திறந்தவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். அப்புறம் போனை நீட்டினார். "ஒரு போட்டோ எடுங்க தம்பி, வீட்ல காட்டணும்."

வீட்டிலும் நம்பவில்லை போலிருக்கிறது. நான் கேட்கவில்லை.

முதல் வாரமே சோதித்திருந்தாலும் பெரிதாக என்ன மாறியிருக்கும்? லேசர் பயிற்சியைக் கொஞ்சம் முன்னால் தொடங்கியிருப்பேன், அவ்வளவுதான். இப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். இப்போது கழுத்தில் அடிபட்டு வருகிற எல்லாரிடமும் சோப்பைப் பற்றிக் கேட்கிறேன். பாதிப் பேர் "ஆமா சார்" என்கிறார்கள். நான் கேட்பதால் சொல்கிறார்களோ என்றும் இருக்கிறது.