ஜன்னல் கம்பியில் ஒரு கைப்பேசி

சுங்கை சிப்புட்டில் ஒரு சாப்பாட்டுக் கடை. ஆலைச் சீருடையில் ஒரு தங்கச்சி, ஜன்னல் கம்பியில் கைப்பேசியை ரப்பர் பேண்டால் கட்டி, லைன் பிடித்து வகுப்பு கேட்கிறாள்.

தே ஆறி ஆடை கட்டிவிட்டது.

"இந்த ஆன்லைன் டிகிரியெல்லாம் செல்லுமாண்ணே?" கடைக்காரருக்குச் சந்தேகம்.

மலேசியாவில் படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பான எம்.கியூ.ஏ.வின் பதிவேட்டில் இருந்தால் செல்லும். பல்கலைக்கழகத்தின் பெயரோடு நிறுத்தாமல், ஆஃபர் கடிதத்தில் உள்ளபடியே படிப்பின் முழுப் பெயரையும் தேடுங்கள். தற்காலிக அங்கீகாரம் என்றிருந்தால் அது படிப்பை நடத்துவதற்கான அனுமதிதான். முழு அங்கீகாரம் வேறு.

எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) இல்லையா? 21 வயது தாண்டி, துறைக்குப் பொருந்தும் வேலை அனுபவமும் இருந்தால் ஏப்பல் என்ற, அனுபவத்தில் கற்றதை எடைபோடும் மதிப்பீட்டில் தேறிச் சேரலாம்.

ஆள் கவிழ்வது மணிக்கணக்கில்தான். 1 கிரெடிட் என்றால் 40 மணி நேரப் படிப்பு. 3 கிரெடிட் பாடத்துக்கு 120 மணி. 14 வாரத்தில் இரண்டு பாடம் எடுத்தாலே வாரத்துக்கு 17 மணி. ஷிஃப்ட் வேலைக்காரர் நாலு பாடம் எடுப்பது வீம்பு. கட்டிய காசும் போகும்.

மழைக்கு லைன் போகும் ஊர் இது. அசைன்மென்டைக் கடைசி ராத்திரிக்கு வைக்காதீர்கள்.