ஹனிபல் விமானமும் பன்னீர்செல்வமும்

ஹனிபல் விமானத்தின் பழைய படம் ஒன்றை ராத்திரியெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகள், மேல் இறக்கை மட்டும் 130 அடி. நான்கு ஜூபிடர் எஞ்சின்கள். சத்தம் நடுவில்தான் அதிகம் என்பதால் அங்கே பெட்டிகளை அடுக்கிவிட்டு, பயணிகளை முன்னும் பின்னும் உட்கார வைத்தார்கள். என்ன கரிசனம்!

பிரிட்டனின் ஹேண்ட்லி பேஜ் விமான நிறுவனம் இந்த வகையில் எட்டே எட்டு செய்தது. முதலாவது ஹனிபல், 1930 நவம்பரில் பறந்தது. அடுத்த ஆகஸ்டிலேயே இங்கிலாந்தின் கென்ட் பகுதி வயலில் அவசரமாக இறங்கி வாலை இழந்தது, யாருக்கும் காயமில்லை. சரிசெய்து மறுபடி பறக்கவிட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு வரை இந்த எட்டிலும் ஒரு பயணிகூட இறக்கவில்லை.

அப்புறம் 1940 மார்ச் 1. ஈரானின் ஜாஸ்க்கிலிருந்து ஷார்ஜா நோக்கிக் கிளம்பிய ஹனிபல் ஓமன் வளைகுடாவில் மறைந்தது. எட்டுப் பேர். அதில் ஒருவர் நம் சர் ஏ. டி. பன்னீர்செல்வம், நீதிக்கட்சியின் தூண். பிரிட்டிஷ் அரசில் இந்தியாவைக் கவனித்த அமைச்சரின் ஆலோசகராகப் பொறுப்பேற்க லண்டன் போய்க்கொண்டிருந்தார். வயது 51.

காரணம் இன்றுவரை தெரியவில்லை. அந்தக் கடலை வரைபடத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான்.