கொஸ்டீயா கவுண்டியில் நிலம் பார்க்கிறோம்

ஏப்ரல் 5, 2025

ஐந்து ஏக்கர், சில ஆயிரம் டாலர். டென்வரில் அந்தக் காசுக்குக் கார் நிறுத்த இடம்கூடக் கிடைக்காது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துத் தெற்கு ஓரத்தில், சான் லூயிஸ் பள்ளத்தாக்கில் இருக்கிறது கொஸ்டீயா கவுண்டி (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி). பரப்பு 1,230 சதுர மைல். 2020 கணக்கெடுப்பில் மொத்தமே 3,499 பேர்.

1970-களில் பெரிய நிலங்களைத் துண்டு போட்டு, இடத்தையே பார்க்காத வெளியூர்க்காரர்களுக்கு விற்றிருக்கிறார்கள். அந்தத் துண்டுகள்தான் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. "இவ்வளவு மலிவா இருக்குன்னா ஏதோ இருக்குங்க" என்றாள் மனைவி. சரி, போய்ப் பார்ப்போம்.

ஏப்ரல் 12

வால்சன்பர்க்கில் மேற்கே திரும்பி, லா வீட்டா கணவாய் ஏறி இறங்கினால் ஃபோர்ட் கார்லண்ட். வடக்கே 14,000 அடிக்கு மேல் பனி மூடிய பிளாங்கா சிகரம். கண்ணுக்குக் குறையே இல்லை.

விளம்பரத்தில் சொன்ன சாலை, வரைபடத்தில் மட்டும்தான் இருந்தது. தரையில் புதர்களுக்கு நடுவே ஒரு டயர் தடம். மின்கம்பம் ஒன்றுகூட இல்லை. காரின் கதவைத் திறந்தால் காற்று பிடுங்கிக்கொண்டு போகிறது. வசந்த காலம் முழுக்க இப்படித்தானாம்.

கொஞ்ச தூரத்தில் டிரெய்லரில் தனியாக வாழும் பெரியவர் ஒருவர் காபி கொடுத்தார். சூரியத் தகடு, விறகு அடுப்பு, இரண்டு நாய். தண்ணீரை ஊரில் வாங்கி, பிளாஸ்டிக் தொட்டியில் ஏற்றிக் கொண்டுவருகிறார். குளிர்காலத்தில் அது உறையாமல் காப்பதே தனி வேலை என்றார். கிணறு? சிரித்தார். நிலத்தின் விலையைவிடக் கிணற்றின் விலை அதிகமாம்.

ஏப்ரல் 15

மூன்று இரவாகத் தண்ணீர்ச் சட்டம் படிக்கிறேன். கொலராடோவில் நிலம் உங்களுடையது என்பதற்காக அதன் அடியில் இருக்கும் நீர் உங்களுடையது ஆகிவிடாது. முதலில் எடுத்துப் பயன்படுத்தியவருக்கே முதல் உரிமை. போதாததற்கு, ரியோ கிராண்டே ஆற்று நீரை நியூ மெக்சிகோ, டெக்சாஸ் மாநிலங்களுடன் பங்கிடும் 1938 ஒப்பந்தம் வேறு.

35 ஏக்கருக்குக் குறைந்த துண்டுக்குக் கிணற்று அனுமதி பெரும்பாலும் "வீட்டுக்குள் மட்டும்". குடிக்கலாம், குளிக்கலாம். வாசலில் ஒரு தக்காளிச் செடிக்கு ஊற்றக் கூடாது; கோழிக்கும் வைக்கக் கூடாது! 35 ஏக்கரும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு ஏக்கர் வரை தோட்டத்துக்கும் கால்நடைக்கும் வழி உண்டு.

மழைநீரைப் பிடிக்கலாமே என்றால், 2016 சட்டப்படி வீட்டுக்கு இரண்டு பீப்பாய், இரண்டும் சேர்த்து 110 காலன். அதாவது சுமார் 416 லிட்டர். அதை நிரப்ப மழை பெய்ய வேண்டுமே. ராமநாதபுரத்துக்கே ஆண்டுக்கு 800 மி.மீ. வாக்கில் கிடைக்கிறது, இந்தப் பள்ளத்தாக்கின் சமவெளிக்கு 200 வாக்கில்தான்.

விளம்பரங்களில் "கோழி வளர்க்க ஏற்றது" என்று எழுதுகிறவர்களைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும்.

ஏப்ரல் 26

சான் லூயிஸ் ஊர். 1851-இல் குடியேறிய இடம், கொலராடோவின் மிகப் பழைய ஊர். அடுத்த ஆண்டு வெட்டிய வாய்க்காலுக்குத்தான் மாநிலத்திலேயே மூத்த நீருரிமை. இந்த வாய்க்கால்களை "அசேக்கியா" என்கிறார்கள். வசந்தத்தில் பங்குதாரர்கள் சேர்ந்து தூர்வாருகிறார்கள். யாருக்கு எப்போது மடை திறப்பது என்று முடிவு செய்ய "மயோர்தோமோ" என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் ஊர்க் குடிமராமத்தும் நீர்ப்பாய்ச்சியும்தான்!

வாய்க்காலை ஒட்டிப் பசேல் என்று மேய்ச்சல். இந்தப் பக்கம் விற்பனைப் பலகை ஒன்றும் கண்ணில் படவில்லை. யார் விற்பார்கள்?

இங்கே வெளியாள் வாங்குவதற்கு ஒரு பழைய காயமும் உண்டு. இது 1862 ஹோம்ஸ்டெட் சட்டத்தில் இலவசமாகப் பங்கிட்ட அரசு நிலம் அல்ல. அப்போது இந்தப் பகுதியை ஆண்ட மெக்சிகோ 1844-இல் கொடுத்த சாங்கிரே டி கிறிஸ்டோ என்ற மானிய நிலம். மலையில் விறகு வெட்டவும் மாடு மேய்க்கவும் குடியேறிகளுக்கு உரிமை இருந்தது. 1960-இல் ஜாக் டெய்லர் என்பவர் மலையை வாங்கி மூடிவிட்டார். உரிமை உண்டு என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்ல 2002 ஆனது. இங்கே நிலம் வாங்குகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இதுதான் என்பேன்.

மே 3

மற்றவை சுருக்கமாக. உயரம் ஏறத்தாழ 8,000 அடி. உறைபனி இல்லாத நாள்கள் சுமார் 90. உருளை, முட்டைக்கோஸ், பட்டாணி, பார்லி நன்றாக வரும். கத்தரி, வெண்டையெல்லாம் பசுமைக் கூடாரத்துக்குள் மட்டும். முருங்கையை மறந்துவிட வேண்டியதுதான். ஜனவரி இரவுகளில் மைனஸ் 18 செல்சியஸ் சாதாரணம். பெரிய மருத்துவமனைக்கு அலமோசா போக வேண்டும். வெயிலுக்குப் பஞ்சமில்லை, சூரிய மின்சாரம் கவலையே இல்லை.

ஐந்து ஏக்கர் துண்டுகள் எல்லாவற்றையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டோம். ஒன்று, 35 ஏக்கருக்கு மேல், கிணறு ஏற்கெனவே வெட்டியதாக. இல்லையென்றால் அரை ஏக்கர் ஆனாலும் வாய்க்கால் பங்கோடு. மனைவிக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது, எனக்கும். அடுத்து, பள்ளத்தாக்கின் மேற்கே கொனெஹோஸ் கவுண்டி. அங்கே ஆறு இருக்கிறது. யார் பங்கு எவ்வளவு என்று முதலில் கேட்டுவிட்டு அப்புறம் வண்டி எடுப்போம்.