மெடிக்கல் ஆப்டோமெட்ரி போர்டு சான்றிதழ்: நான் கடந்து வந்த வழி

சென்னையில் ஆப்டோமெட்ரி (கண் பரிசோதனை, பார்வைப் பராமரிப்பு பற்றிய படிப்பு) படித்துவிட்டு அமெரிக்கா வருபவர்கள் அந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே நோயாளிகளைப் பார்க்க முடியாது. பாஸ்டனிலுள்ள நியூ இங்கிலாந்து ஆப்டோமெட்ரி கல்லூரியில் வெளிநாட்டில் பயின்றவர்களுக்கென இருக்கும் பிரிவில் சேர்ந்து ஓ.டி. (டாக்டர் ஆஃப் ஆப்டோமெட்ரி) பட்டம் பெற்றேன். தேசியத் தேர்வு வாரியத்தின் மூன்று பகுதிகளையும் எழுதித் தேறி, மாநில உரிமமும் வாங்கினேன். மூன்றாம் பகுதிக்கு மட்டும் வட கரோலினாவின் சார்லட் நகருக்கு நேரில் போக வேண்டியிருந்தது.

சட்டப்படி இதுவே போதும். உரிமத்துக்கு மேல் சிறப்புத் திறனைக் காட்டும் போர்டு சான்றிதழ் கட்டாயமில்லை. ஆனால் நான் பணியாற்ற விரும்பியது மருத்துவமனையில். அங்கே ஒருவரை நியமிக்கும் முன் அவருடைய தகுதிகளை மருத்துவர் குழு ஒன்று பரிசீலித்து, எந்தெந்தச் சிகிச்சைகளை அவர் தாமே செய்யலாம் என்று எழுத்துமூலம் தீர்மானிக்கும். ஆப்டோமெட்ரி உரிமமோ மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. நோய்களுக்கு மருந்து எழுதும் உரிமையை மேற்கு வர்ஜீனியா 1976இல் முதலில் வழங்கியது. ஓக்லஹோமா 1998இலேயே லேசர் சிகிச்சைக்கும் அனுமதி தந்தது. லேசரைத் தொடவே விடாத மாநிலங்கள் இன்றும் இருக்கின்றன. அதனால் உரிமத்தைப் பார்த்து ஒருவருடைய மருத்துவத் திறனை அந்தக் குழுவால் எடைபோட முடிவதில்லை. கண் நோய்ச் சிகிச்சையில் தேர்ந்த ஆப்டோமெட்ரிஸ்டுகளுக்கு அமெரிக்கன் போர்டு ஆஃப் சர்டிஃபிகேஷன் இன் மெடிக்கல் ஆப்டோமெட்ரி தரும் சான்றிதழை நான் நாடியதற்குக் காரணம் இதுதான்.

அதற்கு முதல் படி, அங்கீகாரம் பெற்ற ஓராண்டு ரெசிடென்சி, அதாவது பட்டத்துக்குப் பின் நோயாளிகளைப் பார்த்தபடியே பெறும் பயிற்சி. முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை ஒன்றில் எனக்கு இடம் கிடைத்தது. வயது எழுபதைக் கடந்த ஒருவர், பார்வை சில நொடிகள் மங்கி மங்கித் தெளிவதாகச் சொல்லி வந்தார். கேட்கக் கேட்க, தலைவலியும் மெல்லும்போது தாடை வலியும் இருப்பதாகச் சொன்னார். ஒரு கண்ணில் பார்வை நரம்பின் முனை வெளிறி வீங்கியிருந்தது. நெற்றிப்பொட்டுத் தமனி அழற்சி (டெம்போரல் ஆர்டிரைட்டிஸ்) என்று சந்தேகித்து, அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரு ரத்தப் பரிசோதனைகளையும் உடனே எடுக்கச் சொல்லி, பொது மருத்துவரை அழைத்துப் பேசினோம். பயாப்ஸி முடிவுக்குக் காத்திராமல் அன்றே ஸ்டீராய்டு தொடங்கப்பட்டது, ஏனெனில் தாமதித்தால் மறு கண்ணும் போய்விடக்கூடும். மெடிக்கல் ஆப்டோமெட்ரி என்பதன் முழுப் பொருளும் எனக்கு அந்த ஒரு நாளில் விளங்கியது.

தேசிய வாரியம் நடத்தும் அட்வான்ஸ்டு காம்பிடன்ஸ் இன் மெடிக்கல் ஆப்டோமெட்ரி தேர்வு இத்தகைய முடிவுகளையே சோதிக்கிறது. கண்ணாடிப் பவர் பற்றிய அறிவு அதில் அதிகம் உதவாது. கிளாக்கோமா (கண் அழுத்த நோய்), விழித்திரை, நரம்பியல், உடல் முழுவதையும் தாக்கி அதன் வழியே கண்ணையும் தாக்கும் நோய்கள் ஆகியவற்றை ஆழமாகப் படித்திருக்க வேண்டும். நான் பாடநூலைவிட ரெசிடென்சியில் பார்த்த நோயாளிகளின் குறிப்புகளையே அதிகம் நம்பினேன். மூட்டுவாதம் போன்றவற்றுக்குத் தரப்படும், விழித்திரையைப் பாதிக்கக்கூடிய ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்தின் அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது போன்றவை, ஒரு நோயாளிக்காகக் கணக்கிட்டுப் பார்த்திருந்தால் மறக்கவே மறக்காது.

தேர்வுக்குப் பின் மருத்துவச் சூழலில் பணியாற்றிய அனுபவத்தையும் காட்ட வேண்டியிருந்தது. விண்ணப்பம் எழுதுவது எளிது. ஆவணங்களைத் திரட்டுவதுதான் பொறுமையைக் கேட்கும் வேலை.

சான்றிதழ் வந்தபின் என் பொறுப்புகள் மாறின. ரெசிடென்ட்டுகளுக்குப் பயிற்சியளிக்கிறேன், சக ஊழியர்களின் சிகிச்சைக் குறிப்புகளைத் தரப் பரிசீலனை செய்யும் குழுவில் இருக்கிறேன். விழித்திரையின் மையத் தமனி அடைபட்டு வருபவரைப் பக்கவாத நோயாளியாகவே கருதி நேரே அவசரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்ற நடைமுறையை நரம்பியல் துறையினருடன் அமர்ந்து வகுத்தேன். அந்தக் கூட்டத்தில் என் தகுதியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நோயாளி எந்த வாசல் வழியாக வரவேண்டும் என்பதைப் பற்றியே பேசினோம்.

இப்போது ரெசிடென்சியில் இருப்பவர்கள் தேர்வைத் தள்ளிப்போடாமல், பார்த்த நோயாளிகள் நினைவில் இருக்கும்போதே எழுதிவிடுங்கள். ரெசிடென்சி முடித்ததற்கான கடிதத்தையும் வெளியேறும் முன்பே கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.