300 அடி இழுக்க மூன்று கோடை

டிராக்டரால் கனத்தை இழுக்கும் போட்டியான டிராக்டர் புல்லிங்கில் இறங்கியிருக்கிறேன் என்று சொன்னால் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, எவ்வளவு செலவு? அடுத்தது, என்ன எஞ்சின்? இரண்டுக்கும் பதில் தேடுவதற்கு முன்னால் எந்த கிளாஸில், அதாவது எந்தப் போட்டிப் பிரிவில், இழுக்கப் போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். அது எனக்குப் புரிய ஒரு வருடம் பிடித்தது. அந்த ஒரு வருடத்தையாவது இன்னொருவருக்கு மிச்சப்படுத்தலாமே என்றுதான் எழுதுகிறேன்.

நான் இருப்பது அமெரிக்காவில், இண்டியானா மாநிலத்தின் கொலம்பஸ் ஊரில். கம்மின்ஸ் தலைமையகம் இங்கே என்பதால் டீசல் எஞ்சினை நம்பிப் பிழைக்கும் தமிழர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. ஊர் எல்லையைத் தாண்டினால் மக்காச்சோளமும் சோயாவும்தான். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் பண்ணைக்காரருக்கு எழுபதைத் தாண்டிய வயது. ஒரு ஆகஸ்டில் அவர் என்னை ஒஹாயோவின் பௌலிங் கிரீனுக்குக் கூட்டிப் போனார். 1967 முதல் தேசிய சாம்பியன்ஷிப் நடக்கும் இடம். இரண்டாம் உலகப் போர் விமானங்களில் ஓடிய அலிசன் வி-12 எஞ்சின்களை டிராக்டர் சட்டத்தில் பூட்டி இழுத்தார்கள். நான்கு வி-8 எஞ்சின்களை ஒன்றாகக் கோத்தும் இழுத்தார்கள். பல எஞ்சின்களின் சக்தியை ஒரே தண்டுக்குக் கொண்டுவரும் கிராஸ்பாக்ஸை 1970களில் கொண்டுவந்தவர்கள் கார்ல், பால் பாஸி என்ற இரண்டு ஒஹாயோ பொறியாளர்கள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

புதியவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். டிராக்டருக்குப் பின்னால் ஸ்லெட் என்ற வண்டியைச் சங்கிலியால் மாட்டுவார்கள். ஸ்லெட்டின் பின்பக்கம் சக்கரம், முன்பக்கம் தரையில் உராயும் இரும்புத் தட்டு. மேலே எடைப் பெட்டி. கிளம்பும்போது பெட்டி சக்கரங்களுக்கு மேலே இருக்கும், இழுவை லேசாக இருக்கும். டிராக்டர் நகர நகரப் பெட்டியும் முன்னால் நகர்ந்து தட்டின் மேல் ஏறி அழுத்தும். போகப் போகக் கனம் கூடும். 300 அடி போய்விட்டால் அது ஃபுல் புல். நகர்வு நின்ற இடத்தோடு அளவு முடிந்தது. இரண்டு மூன்று பேர் ஃபுல் புல் அடித்தால் ஸ்லெட்டில் எடை கூட்டி மறுபடி இழுக்க விடுவார்கள்.

ஊர் திரும்பியதும் என் மனம் டீசலில்தான் நின்றது. இன்டர்நேஷனல் 1066 ஒன்றை வாங்கி, அதன் 414 கன அங்குல எஞ்சினைக் கழற்றிவிட்டு அதே குடும்பத்தின் 466 பிளாக்கை மாட்டலாம் என்று கணக்குப் போட்டேன். இந்த விளையாட்டில் 466 மேல் ஒரு தனி மரியாதை. ஜான் டியருக்கும் ஒரு 466 உண்டு, கொள்ளளவு ஒன்றுதான். ஆனால் இன்டர்நேஷனலுக்கு போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 4.30 அங்குலம்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் போகும் தூரம், 5.35. ஜான் டியருக்கு போர் 4.56, ஸ்ட்ரோக் 4.75. எது சிறந்தது என்று இங்கே விடிய விடியப் பேசுவார்கள்.

பண்ணைக்காரர் என் கணக்கைக் கேட்டுவிட்டு விதிப்புத்தகத்தை எடுத்து வைத்தார். சூப்பர் ஃபார்ம் கிளாஸில் 640 கன அங்குலம் வரை போகலாம், ஆனால் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ ஒன்றுதான், அதன் வாய் 3 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. புரோ ஸ்டாக்கில் 680 வரை. அப்படியென்றால் 466 வைத்துக்கொண்டு நுழைகிறவன் முதல் நாளிலேயே பின்தங்கியவன். எஞ்சினைப் பெரிதாக்கினால் டீசலைப் பீய்ச்சும் பம்ப் போதாது. பம்பை மாற்றினால் கிளட்ச் தாங்காது. கிளட்ச் உடைந்து சிதறினால் தடுக்கத் தடித்த கவசம், ரோல் கேஜ், தீத்தடுப்பு உடை, பின்சாயாமல் தாங்கும் கம்பிகள் என்று வரிசை நீளும். நல்ல புரோ ஸ்டாக் வண்டி லட்சம் டாலரைத் தாண்டிவிடும். எனக்குக் கட்டாது.

சரி, என்ன வழி? அவர் காட்டியது பழைய டிராக்டர் கிளாஸ். எங்கள் கிளப்பில் 1957 வரை வந்த மாடல்கள், ஓட்டுநரோடு சேர்த்து 5,500 பவுண்டு, கொக்கி உயரம் 20 அங்குலத்துக்குள், வேகம் மணிக்கு 4 மைலுக்குள், மண்ணைப் பிடிக்கும் டயர் பட்டனை வெட்டிக் கூராக்கக் கூடாது. 1,800 டாலருக்கு ஒரு ஃபார்மால் எம் கிடைத்தது. 1939 முதல் வந்த மாடல், நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், 248 கன அங்குலம்.

எஞ்சின் தேர்வில் நான் சொல்ல வருவது இதுதான்: உங்கள் கிளாஸின் வேக எல்லையை முதலில் பாருங்கள். இழுவிசையைப் பவுண்டிலும் வேகத்தை மணிக்கு மைலிலும் எடுத்துப் பெருக்கி 375-ஆல் வகுத்தால் குதிரைத்திறன் வரும். என் வண்டி டயர் வழியாகத் தரையில் இறக்கக்கூடிய இழுவை சுமார் 4,500 பவுண்டு என்று வைத்துக்கொண்டேன். 4 மைலுக்குக் கணக்கிட்டால் 48 குதிரைத்திறன். டயர் வழுக்கலும் கியர் இழப்பும் சேர்த்தால் 55 வேண்டும். ஃபார்மால் எம் பிறந்தபோது அதனிடம் இருந்தது 36 சொச்சம். அதே சமயம் 80 வைத்துக்கொண்டு இந்த கிளாஸில் எதுவும் செய்ய முடியாது, வேக எல்லை தடுத்துவிடும். இரண்டாவது கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 1,450 சுற்றில் ஓடினால் வேகம் மூன்றரை மைல். 4 மைலைத் தொட 1,650 போதும். ஆக வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டை உயர் சுற்றுக்கு ஏற்ப மாற்றக் கொட்டும் பணம் வீண். தாழ்ந்த சுற்றில் விடாமல் பிடித்து இழுக்கும் முறுக்கு விசைதான் தேவை, அதற்குக் கொள்ளளவு வேண்டும்.

எம்மின் அருமை இங்கேதான் தெரியும். பின்னால் வந்த சூப்பர் எம்மில் 264, அதற்குப் பிறகு ஃபார்மால் 450-இல் 281 என்று ஒரே வம்ச எஞ்சினை வளர்த்துக்கொண்டே போனார்கள். சிலிண்டரின் உள்ளுறையான ஸ்லீவையும் பிஸ்டனையும் மாற்றினால் என் பிளாக்கும் 281 ஆகிவிடும், எங்கள் விதியும் அதை அனுமதிக்கிறது. கிட் 900 டாலர், ஹெட் வேலை 500, டயர் ஜோடி 1,800. பின்சாய்வுக் கம்பிகளை நானே வெல்டிங் செய்தேன், இரும்பு 250. ஸ்லெட்டிலிருந்து கயிறு வழியே இக்னிஷனை அணைக்கும் சுவிட்ச், ஹெல்மெட், முன் எடைகள், அவற்றைத் தொங்கவிடும் சட்டம் என்று எல்லாம் சேர்ந்து ஏழாயிரத்து ஐந்நூறை நெருங்கியது. அதில் எஞ்சினுக்குப் போனது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

முதல் கோடை கசப்பாகப் போனது. சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைச் சமன்படுத்தித் தந்த பட்டறை வேலையைச் சரியாகச் செய்யவில்லை. இரண்டாவது போட்டியிலேயே எஞ்சின் தடுமாறியது. கம்ப்ரஷன் பார்த்தால் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்கள் இரண்டிலும் அழுத்தம் சேர்ந்து விழுந்திருந்தது. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் சேர்ந்து விழுந்தால் நடுவில் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலான கேஸ்கெட் போயிருக்கிறது என்று அர்த்தம். ஹெட்டின் மேல் நேர்கோலை வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை நுழைத்தேன். ஆயிரத்தில் ஆறு அங்குலத் தகடு தாராளமாக உள்ளே போனது. வேறு பட்டறை, இன்னும் 300 டாலர், மூன்று வாரம், இரண்டு போட்டிகள் போயின. ஹெட் திரும்பி வந்ததும் நேர்கோல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

எஞ்சின் சரியான பிறகும் தூரம் கூடவில்லை. சங்கிலி இறுகி, கிளட்சை விட்டதும் வண்டி நன்றாகத்தான் கிளம்பும். 140 அடி வாக்கில் முன்சக்கரம் எழும்பும். பின்சாய்வுக் கம்பி தரையில் இடிக்கும், கிளட்சை மிதிப்பேன், கதை முடிந்தது. பிறந்த ஊரில் தொளி அடிக்கும்போது டிராக்டரின் முன்பக்கம் இப்படித் தூக்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இருந்தும் பின்டயருக்குப் பிடிப்பு வேண்டும் என்று எல்லா எடையையும் பின்னால் கட்டியிருந்தேன். ஸ்லெட் கொக்கியை இழுக்கும்போது முன் அச்சின் பாரம் தானாகவே பின்னுக்கு மாறுகிறது. ஆகவே நிற்கும்போது எடையை முன்னால் வைக்க வேண்டும். இழுக்கும்போது அது தானே பின்னால் வந்துவிடும். கொக்கி எவ்வளவு உயரமோ அவ்வளவு மாறும், அதனால்தான் எல்லோரும் 20 அங்குலத்தை ஒட்டியே வைக்கிறார்கள்.

இரண்டாவது கோடையில் எடைகளை முன்னால் மாற்றினேன். ஆய்வாளர் எஃகு டேப்பை வைத்துக் கொக்கியை அளந்து, கால் அங்குலம் அதிகம் என்றார். வீட்டில் சரியாக 20 வைத்திருந்தேனே! பிறகுதான் உறைத்தது. பின்பாரம் குறைந்ததும் டயர் நசுங்குவதும் குறைந்து கொக்கி மேலே வந்திருக்கிறது. அங்கேயே குந்தி உட்கார்ந்து இரண்டு டயரிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்கினேன். காற்றழுத்தம் 14 psi-லிருந்து 12-க்கு வந்ததும் மறுபடி அளந்தார்: 20-க்கு ஒரு நூல் கீழே. அன்று 261 அடி. காற்று குறைந்த டயர் களிமண்ணில் அகலமாகப் படிந்ததும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

அதன் பிறகு பெரிய செலவு எதுவும் இல்லை. எஞ்சின் சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னரைச் சீர்செய்து, சுமை ஏறும்போது சுற்று விழாமல் பார்த்துக்கொண்டேன். இடது, வலது பிரேக்கைத் தனித்தனியாக மிதித்து வண்டியைக் கோட்டுக்குள் வைக்கப் பழகினேன். முன்சக்கரம் காற்றில் மிதக்கும்போது ஸ்டீயரிங்கால் பயன் இல்லை, எல்லைக்கோட்டைத் தாண்டினால் தகுதி போய்விடும்.

மூன்றாவது கோடை, ஜூலை மாதக் கவுண்டி திருவிழா. நுழைவுக் கட்டணம் 20 டாலர். குலுக்கலில் ஏழாவது இடம் வந்தது, தடம் நன்றாக இறுகியிருந்தது. 200 அடியைத் தாண்டியதும் எஞ்சின் சத்தம் கனத்தது, ஆனால் நிற்கவில்லை. பச்சைக் கொடி அப்படியே இருந்தது. ஸ்லெட்காரர் கை காட்டி நிறுத்தியபோதுதான் 300 முடிந்தது எனக்குத் தெரிந்தது. கை நடுக்கம் அடங்கச் சற்று நேரமானது. எடை கூட்டிய மறுசுற்றில் மூன்றாம் இடம், ஒரு ரிப்பன், 30 டாலர்.

கூட்டம் கலைந்ததும் பண்ணைக்காரர் என்னைத் தடத்துக்குள் கூட்டிப் போனார். என் முன்டயர் விட்ட கோடு முதல் 40 அடிக்கு அழுத்தமாக இருந்தது. அப்புறம் ஒரு சாண் இருக்கும், ஒரு சாண் இருக்காது. கடைசி 100 அடியில் மறுபடியும் தொடர்ச்சியாக, மெல்லிய கோடு. அவர் குனிந்து அந்தக் கடைசிக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். முன்னால் இருக்கும் எடைகளில் ஒன்றை மட்டும் ஆறு அங்குலம் பின்னுக்குத் தள்ளச் சொன்னார்.