பருத்திக்கு மருந்தடிக்கிற மாசம்

அக்டோபர் 19

பெரம்பலூர் பக்கம் இப்போது எந்தக் காட்டுக்குப் போனாலும் விசைத்தெளிப்பான் சத்தம்தான். பக்கத்துக் காட்டுச் சித்தப்பா எதிர்காற்றில் மதியம் வரைக்கும் புரோபனோபாஸ் என்கிற பூச்சிமருந்தை அடித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. வேர்த்துக் கொட்டுகிறது, எச்சில் ஒழுகுகிறது, கண்ணின் கருமணி கடுகளவுக்குச் சுருங்கிவிட்டது. வெயில் மயக்கம், மோர் குடு என்றார் ஒருவர். சாணியைக் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வை என்றார் இன்னொருவர். ரெண்டும் வேண்டாம் என்று சத்தம் போட்டேன். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் போனதற்கு வாந்தி எதற்கு? குடித்தே இருந்தாலும் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, மருந்தோடு கலந்திருக்கும் கரைப்பான் நுரையீரலுக்குள் போய்விட்டால் இன்னும் மோசம்.

கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு சட்டை, லுங்கி எல்லாவற்றையும் கழற்றி, மோட்டார் தண்ணீரில் சோப்பு போட்டுத் தலைமுடி, நகக்கண் வரைக்கும் கழுவினோம். கண்ணுக்குப் பதினைந்து நிமிஷம் நல்ல தண்ணீர். அதற்குள் தம்பி 108க்குச் சொல்லிவிட்டான். வண்டி வரும்வரை இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தோம்.

அக்டோபர் 20

டாக்டர் முதலில் கேட்டது “என்ன மருந்து?” என்றுதான். நல்லவேளை, பாட்டிலைக் கையோடு கொண்டுபோயிருந்தோம். இந்த வகை மருந்து நரம்புக்கு வேண்டிய ஒரு நொதியை முடக்கிவிடுமாம், அதனால்தான் எச்சிலும் வியர்வையும் நிற்காமல் வருகிறது. அட்ரோபின் ஊசி போட்டார்கள். பாராகுவாட் மாதிரி களைக்கொல்லியாக இருந்தால் மாற்று மருந்தே கிடையாது, அதனால் பேர் தெரியாமல் போனால் வைத்தியமும் தடுமாறும்.

அக்டோபர் 22

சித்தி அந்தச் சட்டையை வீட்டுத் துணியோடு ஊற வைக்கப் போனார், தடுத்துவிட்டேன். தனியாகத் துவைக்கணும், கையுறையோடு. 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதே வருஷம் நம் மாவட்டத்திலும் சிலர் போனார்கள். செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்தால் தெளிக்கிறது மூஞ்சியிலேயே படும், யாருக்குத் தெரியாது? ஆனாலும் பாட்டிலில் விஷத்தின் கடுமையைக் காட்டுகிற முக்கோணம் சிவப்பா மஞ்சளா என்று பார்த்து வாங்குகிறவர் குறைவு, கடைக்காரர் கொடுப்பதுதான்.

அக்டோபர் 26

சித்தப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். வந்ததும் “மிச்ச ஒன்றரை ஏக்கரு கெடக்கு” என்கிறார். அந்த நொதி உடம்பில் பழையபடி ஊறப் பல வாரம் ஆகும், அதுவரை கொஞ்சம் பட்டாலும் மறுபடி விழுவீங்க என்று டாக்டர் சொன்னதை நான் சொன்னேன், சித்தி கத்தினார். கடைசியில் கூலிக்கு ஆள் விடச் சம்மதித்தார். ஆளுக்கு முழுக்கைச் சட்டை, கண்ணாடி, முகமூடி. காற்று அடிக்காத காலை நேரத்தில் மட்டும். கூலி கூடத்தான் கேட்கிறான், கொடுக்கட்டும்.