பழகிய பேரல் ரேஸ் குதிரையா, இளங்குதிரையா?

பேரல் ரேஸுக்கு, அதாவது மூன்று பீப்பாய்களைச் சுற்றிக் குதிரையில் விரையும் போட்டிக்கு, புதியவரா? பழகிய குதிரையையே வாங்குங்கள். எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்று அதற்கே தெரியும். உங்கள் கை தவறினாலும் சமாளிக்கும். ஆனால் கால்களைப் பார்க்காமல் முன்பணம் தராதீர்கள். பின்னங்காலின் நடுவில் உள்ள ஹாக் மூட்டுக்கும் முன்னங்குளம்புக்கும் எக்ஸ்ரே கட்டாயம். மருத்துவர் மூட்டை ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்துவிட்டு உடனே ஓடவிடுவார். அப்போது நொண்டுகிறதா என்று கவனியுங்கள். மூட்டில் ஊசி போட்ட விவரத்தையும் கேட்டு வாங்குங்கள்.

இளங்குதிரை விலை குறைவுதான். தீவனம், லாடம், பயிற்சிக் கூலி என்று போனால் மிச்சம் கரைந்துவிடும். போட்டிக்குத் தேற ஓரிரு ஆண்டுகளாவது பிடிக்கும். முதலில் நடை, அப்புறம் மெல்லோட்டம், வட்டம் சீரான பிறகே வேகம். அவசரப்படுத்தினால் பீப்பாயை நெருங்கும் முன்பே தோளை உள்ளே சாய்த்துத் தட்டிவிடும்: விழும் ஒவ்வொன்றுக்கும் 5 விநாடி தண்டம். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் மறுபடி நடையிலிருந்தே தொடங்க வேண்டியதுதான்.